காருக்குக் கீழே மிஸ்ஸி

முதன்முதலில் நான் அவருடைய கால்களை மட்டும்தான் பார்த்தேன். அவை என் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. மாம்பழ நிறச் சேலைக் கரை, ஒரு காலில் றப்பர்ச் செருப்பு, மற்றது வெறுங்கால். முதல்நாள் மாலை வாங்கிய காரை விடிந்ததும் அழகு பார்க்கலாமென்று, பல் தீட்டும் தூரிகையும் வாயுமாக வெளியே வந்தவன் நான். முற்றத்திலேயே உறைந்து போனேன்.

நேற்றுக் காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டிருந்தது. பூச்சட்டி என்று நினைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துவிட்டேன். பூச்சட்டி இல்லையா? ஒரு மனுசியையா ஏற்றினேன்? வாயிலிருந்த நுரை முழுவதையும் விழுங்கினேன். கைவிலங்கு, வழக்கு, நாளைய பத்திரிகையில் என் படம் எல்லாம் வரிசையாக வந்தன. அந்தப் படத்தில் என் தலைமயிர் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்தேன் என்றால் பாருங்கள்.

அப்போது கால் அசைந்தது. கீழேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, இதை ஆரிட்ட வாங்கினனி?"

"உ... உவர்மலையில. ஒரு பென்சன் எடுத்த ஐயாட்ட."

"தேத்தண்ணி தந்தவரோ?"

"ஓம்."

"குடிச்சனியோ?"

"ஓம்."

"வடையும்?"

"...ஓம்."

"அப்ப சரி. வடைக்குத்தான் நீ காசு குடுத்திருக்கிறாய். கார் சும்மா வந்திருக்கு."

பிறகு அவர் முழுசாக வெளியே வந்தார். ஐம்பதைத் தாண்டி அறுபதைத் தொட்ட, கட்டையான, கனமான உருவம். தலையில் மணல், முதுகில் மணல், கையில் ஒரு குசினிக் கரண்டி. அந்தக் கரண்டியால் என் காரின் அடிவயிறு முழுக்கத் தட்டிப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி. திருகோணமலை அன்புவழிபுரத்தில், ஒழுங்கை என்று சொல்கிற அந்தச் சின்னத் தெருவுக்கு நானும் மனைவியும் வாடகைக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. இன்னும் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, அதற்குள் என் காரின் பெயரைக் கெடுத்துவிட்டார்.

அவருடைய பெயர் எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் எழுத மாட்டேன். ஒழுங்கையில் எல்லாரும் சொன்னது போல மிஸ்ஸி என்றே சொல்கிறேன். ஊர் ஊராக ஸ்கூட்டரில் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்த்த மருத்துவமாது அவர். நான் அறிய வந்தபோது வேலையிலிருந்து ஓய்வு எடுத்திருந்தார். இப்போது மகனோடு வவுனியாப் பக்கம் இருக்கிறார். அங்கே யாருடைய காருக்குக் கீழே இருக்கிறாரோ தெரியாது.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தக் கார் இருந்ததுமில்லை. ஒரு வான் இருந்தது. கணவர் ஓய்வுபெற்ற காசில் வாங்கியது. விற்றவர்கள் தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொடுத்திருக்கிறார்கள்.

"நான் அந்த வானில ஏறினதைவிடத் தள்ளினதுதான் கூட, தம்பி. கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போற பிள்ளைத்தாச்சியளும் இறங்கித் தள்ளியிருக்கினம்."

"ஐயோ, பிள்ளைத்தாச்சியளோ!"

"ஏன் வாயைப் பிளக்கிறாய்? தள்ளினவை எல்லாருக்கும் சுகப் பிரசவம்."

அவரோடு கதைத்தால் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வாயைப் பிளக்க வேண்டியிருக்கும். காரணம் ஒன்றுதான். அந்த மனுசிக்கு வெட்கமே இல்லை. கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை. மற்றவர்கள் கேட்கக் கூசுகிற எதையும் நேரே கேட்பார். மறுக்கக் கூசுகிற எதையும் மறுப்பார். ஆயுசு முழுக்க முன்பின் தெரியாத வீடுகளில் போய், புருசன் முன்னிலையில் பெண்களிடம் கேட்கக்கூடாததெல்லாம் கேட்ட வாய் அது. காருக்கு மட்டும் ஏன் கூசப்போகிறது?

நான் நேர்மாறு. கடையில் சட்டை அளவில்லாமல் போனாலும், விரித்துக் காட்டிய பெடியனின் முகத்துக்காக வாங்கிக்கொண்டு வருகிறவன். என் அலுமாரியில் எனக்குப் போட ஏலாத சட்டைகள்தான் கூட. உவர்மலை ஐயா வடைத் தட்டை நீட்டியபோதே காரை வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு நான் காரைச் சுற்றி வந்து டயர்ச் சில்லை உதைத்துப் பார்த்ததெல்லாம் நடிப்பு. சில்லை ஏன் உதைக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துக்காரர் எல்லாருமே செய்கிற பிழை இது. கார் பார்க்கப் போனால் முதலில் கதிரை வரும், பிறகு தேத்தண்ணி வரும். வேண்டாம் என்றால் அந்த வீட்டை அவமதித்ததாகும். குடித்தால் நாக்குக் கட்டுப்பட்டுவிடும். பால் விட்டு, சீனி போட்டு, நல்ல கோப்பையில் கொண்டுவந்து தந்த வீட்டுக்காரியின் முன்னால், 'உங்கட எஞ்சின் எண்ணெய் குடிக்குது' என்று எப்படிச் சொல்வது? விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காரைக் கழுவ முன்பே அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

மிஸ்ஸியின் முதல் சட்டம் அதனால் இதுதான்: காருக்குக் கீழே பார்க்கும்வரை விற்கிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. தன் தோல்பையில் ஒரு போத்தில் தண்ணீர் கொண்டுவருவார். "எனக்கு வேண்டாம், தம்பிக்கும் வேண்டாம், முதல்ல காரைப் பாப்பம்" என்று வாசலிலேயே சொல்வார். வீட்டுக்காரர் அதிர்ந்து நிற்பார். நான் அதைவிட அதிர்ந்து, யாரையும் பார்க்காமல் ஏதாவது ஒரு செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். திருகோணமலையில் யார் வீட்டில் என்ன செடி நிற்கிறது என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

கார் வாங்க யோசித்த எவரும் அந்த ஒழுங்கையில் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். நான் வேடிக்கை பார்க்கத் தொற்றிக்கொள்வேன். போனதும் எஞ்சினின் முன்மூடியில் உள்ளங்கையைப் பதித்து வைப்பார், வயிற்றில் கை வைத்துப் பிள்ளையின் தலை எங்கே என்று பார்க்கிற அதே கை. "சூடாக் கிடக்கு. நாங்கள் வர முதலே ஓட்டியிருக்கிறியள். குளிரில ஸ்டாட் வராதோ?" மழை பெய்தால் வரமாட்டார். "ஈரத்தில எல்லாக் காரும் மினுங்கும்." ஓட்டிப் பார்க்கும்போது முன்னுக்கு இருக்க மாட்டார். பின் ஆசனத்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வார். ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங்கும் வானொலியும் இருக்கின்றன, நோவு பின்னுக்கு இருப்பவனுக்குத்தான் தெரியும் என்பது அவருடைய கட்சி. கடைசியாக, "வீட்டுக்காரியைக் கூப்பிடுங்கோ" என்பார்.

உப்புவெளியில் ஒரு வீட்டில் அப்படிக் கூப்பிட, குசினியிலிருந்து ஈரக் கையோடு அந்தப் பெண் வந்தாள்.

"பிள்ளை, இந்தக் காரில உமக்கு என்ன கரைச்சல்?"

"ஒண்டுமில்லை மிஸ்ஸி, காலமையில மட்டும் பட்டரி வயரைக் கழட்டிப் பூட்ட வேணும். ஏன், இவர் சொல்லேல்லையோ?"

இவர் சொல்லவில்லை. இவருடைய முகத்தைப் பார்த்தால், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கப்போவதில்லை என்றும் தெரிந்தது.

அவர் எப்போதும் சரியாகச் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு சிவப்புக் காரை, விற்கிறவன் அளவுக்கு மிஞ்சிச் சிரிக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாமென்றார். என்னோடு வேலை செய்கிற ஒருவன் அதை வாங்கினான். இன்றைக்கும் என்னைத் தாண்டும்போதெல்லாம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிறான். மிஸ்ஸியிடம் சொன்னேன்.

"அந்தச் சிவப்புக் கார் நல்லா ஓடுது, மிஸ்ஸி."

"ஓடட்டும். வித்தவன் சிரிப்பை நிப்பாட்டிட்டானோ?"

என் வடைக்கார் ஒரு மழைக்காலத்தைத் தாங்கவில்லை. அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுப்போமென்று துறைமுகப் பக்கம் இருந்த கார் விற்கிற இடம் ஒன்றுக்கு நானும் மிஸ்ஸியும் போனோம். உரிமையாளர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் 'காக்கா', வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, நல்ல மனுசன். நான் முதல்நாள் முழுக்கக் காரைக் கழுவி, மினுக்கி, உள்ளுக்கு வாசனைத் திரவியம் தெளித்து, ரேடியோவைச் சத்தமாகப் போட்டு எஞ்சின் இருமுவதை மறைக்கப் பழகியும் வைத்திருந்தேன். வாழ்க்கையில் ஒருதரமாவது நானும் ஒருவனை ஏமாற்றிவிடலாம் என்ற நப்பாசை.

"பிழை ஒண்டும் இல்லையே, தம்பி?" என்று காக்கா கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பின் ஆசனத்திலிருந்து மிஸ்ஸி பதில் சொன்னார்.

"ரெண்டாம் கியர் விழாது. மழைக்கு ஸ்டாட் வராது. இடப்பக்கப் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. இவர் ரேடியோ போட்டது பாட்டுக் கேக்க இல்லை. அதை நிப்பாட்டிப்போட்டு எஞ்சினைக் கேளுங்கோ."

என் காதுக்குள் கடல் இரைந்தது. காக்கா என்னைப் பார்த்தார், பின்னுக்குப் பார்த்தார். "ராத்தா, நீங்கள் இவர்ர ஆளோ, என்ர ஆளோ?"

"நான் ஒருத்தற்ர ஆளும் இல்லை. இனி இதில ஏறப்போறவையின்ர ஆள்."

காக்கா கையை நீட்டி ரேடியோவை நிப்பாட்டிவிட்டு எஞ்சினைக் கேட்டார். பிறகு காரை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார். கழற்றி உதிரிப்பாகமாகத்தான் விற்பேன் என்றும் சொன்னார். அதிர்ச்சி அதோடு முடியவில்லை. மிஸ்ஸி கரண்டியோடு அவருடைய வளவில் நின்ற கார்களைச் சுற்றிவரத் தொடங்க, காக்காவே பின்னால் ஓடிவந்தார். "அதுக்குக் கீழ போகாதீங்க ராத்தா, அது வெள்ளத்தில நிண்டது. அதுவும் வேணாம், அதுக்கு மீட்டர் பின்னுக்குச் சுத்தினது." ஒரு வியாபாரி தன் வாயாலேயே தன் கடையைக் காலி பண்ணுவதை நான் அன்றுதான் கண்டேன். பழைய காரும் போய், புதுக் காரும் இல்லாமல் ஓட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன்.

வெளிநாட்டுக் கார் வருவது நின்றிருந்த காலம் அது. இருக்கிற கார்களுக்கு ஆனை விலை, குதிரை விலை. அந்த நேரம் பார்த்து என் மனைவிக்குப் புல்மோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம். கரையோர பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய்வர வேண்டும். அதோடு அவள் பிள்ளைத்தாச்சியும் ஆனாள். முதல் தடவை எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதனால் அவள் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு காலையும் எனக்குப் பகிடி மறந்துபோகும். மிஸ்ஸிக்கு என்னைவிடப் பதற்றம். ஒழுங்கை முனைவரை கூடப்போய் ஏற்றிவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போற பிள்ளையை ஏத்திற மாதிரிப் பாத்துப் போ" என்று பஸ் சாரதிக்கு ஏசிவிட்டு வருவார்.

ஒருநாள் அவரே வந்தார். முகத்தில் வெளிச்சம்.

"தம்பி, இனித் தேடித் திரிய வேண்டாம். நிலாவெளியில என்ர அண்ணன் கார் விக்கிறானாம். நீலக் கார். மகளுக்குக் கலியாணம் வைச்சிருக்கிறான், அதுக்காகக் குடுக்கிறான். நல்லாப் பாவிச்ச கார்."

கூடப்பிறந்த அண்ணனின் கார். இதற்கு மேல் என்ன வேண்டும்? நானும் மனைவியும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். வாசல் படலையில் வந்து ஓட்டோவில் ஏறிய மிஸ்ஸியின் பையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தண்ணீர்ப் போத்தில் இருந்தது. கரண்டியும் இருந்தது.

அண்ணர் கடற்கரைப் பக்கம் மீன் எடுத்துப் பெட்டியில் ஐஸ் போட்டு ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறவர். உயரமான மனுசன், தங்கச்சியைக் கண்டதும் முழு முகத்தாலும் சிரித்தார். வீடு கலியாணத்துக்கு வெள்ளையடித்து மணத்தது. அண்ணி கண்ணாடி அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்துத் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் வாங்கி உதட்டுவரை கொண்டுபோய்விட்டேன்.

"வை மச்சாள், முதல்ல காரைப் பாத்திட்டு வாறன்," என்றார் மிஸ்ஸி.

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. "என்ன மச்சாள் இது? உங்கட அண்ணன்ர வீட்டிலயுமோ?"

"கார் அண்ணன்ர எண்டு காருக்குத் தெரியுமோ?"

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். நான் கோப்பையை வைத்தேன். என் மனைவி ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தாள். அவள் என்னைவிடப் புத்திசாலி.

நீலக் கார் முருங்கை நிழலில் மினுங்கிக்கொண்டு நின்றது. மிஸ்ஸி செருப்பைக் கழற்றினார், சேலையைச் செருகினார், கீழே போனார். டங், டங், டங் என்று முன்பக்கமிருந்து சத்தம் வந்தது. அண்ணர் என்னிடம் சிரித்தார். "சின்னனிலயே இப்பிடித்தான். அப்பம் சுட்டுக் குடுத்தாலும் அடியைத் திருப்பிப் பாத்திட்டுத்தான் தின்னுவாள்." டங், டங். பின்பக்கம் வந்தது. பொத். மறுபடி, பொத். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

காருக்குக் கீழேயிருந்து கை மட்டும் வெளியே வந்தது. கரண்டி நிறையத் துருவும், புதுசாகப் பூசிய தாரும். இரும்பை மேலாகத் தட்டிய கரண்டி அதற்குள்ளேயே இறங்கிப் போயிருந்தது.

"அண்ணா, டிக்கியில மீன்பெட்டி ஏத்தினனியோ?"

"மீன் விக்கிறவன் மீன்பெட்டி ஏத்தாம என்ன பூப்பெட்டியோ ஏத்துவான்?"

"உப்புத்தண்ணி ஊத்தி ஊத்திப் பின் சில்லைப் பிடிச்சிருக்கிற இரும்பு உக்கிப் போச்சு. மேல தார் பூசி மூடியிருக்கு. வேகத்தில போகேக்க சில்லு ஒரு பக்கம், கார் ஒரு பக்கம்."

என் மனைவி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நான் அவளைக் காரிலிருந்து இரண்டு அடி தள்ளி நிறுத்தினேன்.

அண்ணரின் சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. "கராஜ்காரன்தான் தார் பூசினவன். கனகாலம் தாங்கும் எண்டவன்."

"அவனோ உள்ளுக்கு இருக்கப்போறான்?"

"சரி, உவையளுக்கு வேண்டாமெண்டா விடு. நான் வேறை ஆருக்கும் குடுப்பன்."

"ஆருக்குக் குடுப்பாய்? அவன்ர பெண்சாதி பிள்ளையள் ஏறாதுகளோ?"

"பிள்ளையின்ர கலியாணம் கிடக்கு! கையில வேறை ஒண்டும் இல்லை. உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். கலியாணத்தைத் தள்ளி வை."

வெள்ளையடித்த வீட்டு வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. மணப்பெண்ணாக இருக்கவேண்டும். செடி பார்க்கலாமென்று திரும்பினேன். முருங்கைதான் நின்றது. அதுவும் அதிர்ந்து நிற்பதாகவே எனக்குப் பட்டது.

அண்ணர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீ போ. இனி இந்தப் படலையைத் திறந்து வராதை," என்றார்.

மிஸ்ஸி சேலையைத் தட்டினார். கரண்டியைத் துடைத்தார். வந்து ஓட்டோவில் ஏறினார். வரும் வழியில் என் மனைவிதான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கலியாண அழைப்பு வரவில்லை. கலியாணத்தன்று மிஸ்ஸி வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் தோய்த்தார். சுத்தமான துணிகளையும் அலுமாரியிலிருந்து இழுத்துத் தோய்த்தார். அதற்குப் பிறகு யார் கார் பார்க்கக் கூப்பிட்டாலும், "எனக்கு ஏலாது, வேறை ஆரையும் கேளுங்கோ" என்றுவிட்டார். எங்களுக்காக மட்டும் ஒரு முறை வந்தார். அந்தத் தடவை அகப்பட்ட கார்தான் இன்றும் என்னிடம் இருப்பது. ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு நிறம், சந்தியில் நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் அடியில் முழுக்க ஒரே சத்தம், டங். அதில் என் மனைவி புல்மோட்டைக்குப் போய்வந்தாள். அதிலேயே ஆஸ்பத்திரிக்கும் போனாள், மகளோடு திரும்பி வந்தாள்.

மிஸ்ஸியை அரித்தது வேறு. அண்ணர் பேசாமல் இருப்பதை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். நீலக் கார் அண்ணரின் வளவில் இல்லை என்று யாரோ சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. யாருக்கோ விற்றாகிவிட்டது. யாரோ ஏறிப் போகிறார்கள். ஸ்கூட்டரில் போகும்போது நீலமாக எது தெரிந்தாலும் நிறுத்தி இலக்கம் பார்ப்பார். கிண்ணியாக் காக்காவிடம் போய்க் கேட்டார். அவர் கைக்கு வரவில்லையாம். எங்கேயாவது விபத்து என்று செய்தி வந்தால் முதலில், "கார் என்ன நிறம்?" என்பார். என் மகளை மடியில் வைத்துக் குளிப்பாட்டும்போதுகூட, "ஆரிட்டக் குடுத்தானோ" என்று தண்ணீரோடு சொல்லிக்கொண்டிருப்பார்.

மகளுக்கு ஊசி போடுகிற ஒரு நாள். என் பல நிறக் காரில் நான் ஓட்ட, பின்னுக்கு மனைவியும் மிஸ்ஸியும், மிஸ்ஸியின் மடியில் பிள்ளை. பஸ் நிலையத்துக்குக் கிட்ட மான்கள் கூட்டமாக வீதியைக் கடந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் மான் கடந்தால் பிரதேச செயலாளரும் நிற்கத்தான் வேண்டும். வாகனங்கள் இரண்டு பக்கமும் நின்றன.

"நிப்பாட்டு!" என்று கத்தினார் மிஸ்ஸி.

"நிண்டுகொண்டுதானே இருக்கிறம்?"

அதற்குள் பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். எதிர்ப்பக்கம், மான்களுக்கு அந்தப் புறம், நீலக் கார், அண்ணரின் அதே இலக்கம். ஓட்டியவர் ஓர் இளம் முஸ்லிம் தகப்பன், பிள்ளைகளுக்கு வாப்பா. பக்கத்தில் மனைவி, பின்னுக்குப் பிள்ளைகள், நடுவில் அவர்களுடைய உம்மம்மா. மிஸ்ஸி மான்களை விலக்கிக்கொண்டு போய்க் கண்ணாடியில் தட்டினார்.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டும். பிரேக்கை இழும். நான் கீழ போகோணும்."

அந்த மனுசன் திகைத்துப்போய்ச் சொன்னபடி செய்தார். மிஸ்ஸி நடுவீதியில் படுத்தார். காருக்குக் கீழே போனார்.

பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. நடத்துநர் மிதிபலகையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அடிச்சுப்போட்டான்!" என்று அலற, பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கத்துக்கு வந்தார்கள். போக்குவரத்துப் பொலிஸ்காரர் விசிலோடு ஓடிவந்து கால்களைக் கண்டார். விசில் வாயிலிருந்து விழுந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். ஒரு காலத்தில் அது என் முகம்.

"அடிபட்டதோ? உயிர் இருக்கோ?"

"இல்லை ஐயா, சும்மா பாக்கிறன்," என்றது வீதி.

வாப்பா என்னைப் பார்த்தார். "ஆர் இவ? உங்கட ஆளா?"

முழுத் திருகோணமலையும் பார்த்துக்கொண்டு நின்றது. தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு நல்ல விருப்பம். "எங்கட மிஸ்ஸி," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

கரண்டி இல்லை. விரல் மொளியால் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மிஸ்ஸி வெளியே வந்து, வீதியிலேயே இருந்தபடி கேட்டார். "முழுக்கப் புது இரும்பு. இதை ஆர் செய்தது?"

"நாங்க இல்ல ராத்தா. வித்தவர். நிலாவெளியில ஒரு அண்ணன். கலியாண நேரம் நான் போய்க் கேட்டன், தரமாட்டன் எண்டிட்டார். கராஜில போட்டுப் பின்பக்க இரும்பெல்லாம் வெட்டி எடுத்து மாத்தினவர். கடன்பட்டுக் கலியாணத்தைச் செய்து முடிச்சு, கனநாளைக்குப் பிறகுதான் தந்தவர். ஏன் இவ்வளவு மினக்கெடுறீங்க எண்டு கேட்டன். 'எனக்கொரு தங்கச்சி இருக்கிறாள். எண்டைக்காவது நடுறோட்டில படுத்து இதைப் பாப்பாள்' எண்டார். நான் பகிடிக்குச் சொல்றார் எண்டு..." அவர் நிறுத்தினார். கண்கள் விரிந்தன. "யா அல்லாஹ். அது நீங்களா?"

மிஸ்ஸி எழும்பி வந்து காரில் ஏறினார். முதுகு முழுக்க வீதித் தூசி. பொலிஸ்காரர் விசிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கிளினிக்குக்கு நேரமாகுது, மிஸ்ஸி," என்றாள் என் மனைவி.

"ஊசி நாளைக்கும் போடலாம். அண்ணா வீட்ட போ."

ஊசிக்கு ஒரு நாள் பிந்தி வந்த தாய்மாரை வாசலில் நிறுத்தி ஏசிய மனுசி. நான் மறுபேச்சில்லாமல் நிலாவெளி வீதியில் திருப்பினேன்.

படலையில் நிறுத்தினேன். மிஸ்ஸி இறங்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"நீ போய்க் கூப்பிடு, தம்பி."

"நீங்கள் வாங்கோவன்."

"எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அவரோடு பழகிய காலம் முழுவதிலும் என்னை இப்படி எதுவும் உலுக்கியதில்லை. நான் இறங்கிப் போனேன். வெட்கப்படுகிறவன் என்ற என் ஒரே தகுதியும் அன்றைக்கு இன்னொருவருக்குத் தேவைப்பட்டிருந்தது.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. என் காரின் நிறங்களை நிலாவெளியில் தெரியாதவர் இல்லை. அண்ணர் முற்றத்தால் வந்துகொண்டிருந்தார். காரின் பக்கம் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி, நேரே முன்னுக்குப் பார்த்தபடி. அண்ணர் காரின் கூரையில் கை வைத்தார், எடுத்தார். கடைசியில் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"மகள் இஞ்ச வீட்டதான் இருக்கிறாள். இது எட்டாம் மாசம். கிளினிக்கில சொல்லுறதொண்டையும் கேக்கிறாளில்லை. ரெண்டு நாளாக் கால் வீங்கிக் கிடக்கு."

கதவு அண்ணரின் முழங்காலில் இடித்துக்கொண்டு திறந்தது.

"ரெண்டு நாளாவோ? தலையிடி இருக்கோ? கண் மங்குதோ? ரெண்டு நாளா என்ன பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்? தம்பி, காரைத் திருப்பி வை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும்!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் முற்றத்தைத் தாண்டிவிட்டார். உள்ளேயிருந்து அண்ணியின் குரல், மகளின் அழுகை, அதற்கெல்லாம் மேலாக மிஸ்ஸியின் குரல். முதலில் மகளுக்கு ஏச்சு, பிறகு அண்ணிக்கு, பிறகு வீட்டில் இல்லாத மருமகனுக்கு.

நான் காரைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். அண்ணர் முழங்காலைத் தடவிக்கொண்டு படலையிலேயே நின்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

"கத்துறாள்," என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி சொன்னார், "கேட்டியளோ? கத்துறாள்."